முப்பத்தோராம் நாள் யார் வருவார்?

சிவகாசி வட்டாரத்தில் பட்டப்பகலில் "டமார்" என்று சத்தம் கேட்டால் யாரும் தீபாவளியை நினைப்பதில்லை. அடுப்பில் கொதிக்கும் உலையை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் தெருவுக்கு ஓடி வருகிறார்கள். எந்தத் திசையில் புகை எழுகிறது என்று பார்க்கிறார்கள்.

"எந்த ஆபீஸ்? எந்த ஆபீஸ்?"

இதுதான் முதல் கேள்வி.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. இந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத் "தீப்பெட்டி ஆபீஸ்" என்று பெயர். பட்டாசுத் தொழிற்சாலைக்குப் "பயர் ஆபீஸ்" என்று பெயர். நாற்காலியும் மேஜையும் போட்ட ஆபீஸ் அல்ல. மருந்தும் திரியும் உள்ள ஆபீஸ்!

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு, ஆட்களைக் காப்பாற்றலாம் என்றும் என்ன நடந்தது என்று பார்க்கலாம் என்றும் ஓடி வந்த அக்கம்பக்கத்து ஜனங்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் சுமார் 20 பேர் போனார்கள். 2023 அக்டோபர் 17-ந் தேதி, தீபாவளி நெருங்கும் நேரம், ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் இரண்டு விபத்துக்கள்.

இவை எல்லாம் பத்திரிகையில் வந்தவை. படத்தோடு வந்தவை. நான் எழுத வந்தது பத்திரிகையில் வராத ஒன்றைப் பற்றி.

மூன்று நாள் கூட்டம்

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் குடும்பம். புருஷனுக்குப் பயர் ஆபீசில் மருந்துக் கலவை வேலை. மனைவி சரவெடி பின்னுகிறாள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நால்வரும் கோயிலுக்குப் போகிறார்கள்.

ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்கிறது. புருஷன் வீடு திரும்பவில்லை.

அன்றைக்கு அந்தத் தெருவே கூடுகிறது. கோயில் மணி அடிக்கிறது. ஐயர் வருகிறார். சபை மூப்பர்கள் வருகிறார்கள். பாடல் குழு வருகிறது. சவப்பெட்டிக்கு ஒருவர் பணம் கொடுக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட நாலு வாலிபர்கள் தாங்களாகவே மண்வெட்டியோடு போகிறார்கள். சோறு பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. மூன்றாம் நாள் ஜெபக் கூட்டத்துக்குத் திண்ணையில் இடம் இல்லை. கத்தோலிக்கர் வீடாக இருந்தால் முப்பதாம் நாள் பூசைக்கும் சொந்தக்காரர்கள் வந்து சேருவார்கள்.

இதைக் குறை சொல்ல மாட்டேன். சாவு வீட்டில் கூடுவது நல்ல ஜனங்களின் லட்சணம்.

ஆனால் முப்பத்தோராம் நாள்?

அன்று காலையில் அந்தப் பெண் கண்விழிக்கிறாள். வாசலில் யாரும் இல்லை. அரிசிப் பானையில் கையை விட்டால் அடி தட்டுகிறது. குழுக் கடன் தவணை வாங்க ஆள் வந்து நிற்கிறார். பள்ளிக்கூட வேனுக்குப் பணம் கட்டவில்லை. ஒரு மாதமாகப் பின்னல் வேலைக்கும் போகவில்லை. இனி அந்தப் பயர் ஆபீஸ் வாசலை மிதிக்கவே கால் கூசுகிறது. மிதிக்காவிட்டால் வேறு வேலை எங்கே இருக்கிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்கு வருகிறாள். "எப்படி இருக்கே தாயி? கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு எல்லாரும் நகர்ந்து போகிறார்கள். காணிக்கைப் பை அவள் முன்னால் வருகிறது. அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வருவதில்லை.

"அந்தப் பிள்ளை விசுவாசத்தில் குளிர்ந்து போயிற்று" என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள்! குளிர்ந்து போனது அவளுடைய விசுவாசம் அல்ல. அவள் வீட்டு அடுப்பு.

பசித்து வந்தவனைப் பார்த்து "சமாதானமாய்ப் போ" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதில் என்ன பிரயோசனம் என்று யாக்கோபு தம் நிருபத்தில் கேட்டு ஏறக்குறைய 2000 வருஷம் ஆகிறது. கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

உயிர் பிழைத்தவன் பாடு

இறந்தவன் வீட்டுக் கதை இப்படி. தீக்காயத்தோடு பிழைத்தவன் வீட்டுக் கதை இன்னும் நீளம்.

சிவகாசி ஆஸ்பத்திரியில் முதல் சிகிச்சை. காயம் பெரிது என்றால் மதுரை அரசு இராசாசி ஆஸ்பத்திரி. சிவகாசியிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். சரி. கூட இருக்கும் பெண்ணின் சாப்பாடு? பஸ் செலவு? வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளுக்கு யார் கஞ்சி ஊற்றுவது?

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் பாடு தீருவதில்லை. கட்டு மாற்றப் போக வேண்டும். வெந்த தோல் ஆறும்போது சுருங்கி இழுக்கும். விரல் மடங்கி ஒட்டிக்கொள்ளாமல் தினமும் பயிற்சி செய்ய வேண்டும். வெயிலில் நிற்க முடியாது. உடம்பு தேற முட்டை, பருப்பு, பால் என்று சத்துள்ள சாப்பாடு வேண்டும் என்று டாக்டர் சொல்லுவார். சம்பாதிக்கிற கை வெந்து கிடக்கும் வீட்டில் தினம் முட்டைக்கு எங்கே போவது?

இது ஒரு மாதத்துக் கதை அல்ல. ஒரு வருஷம் பிடிக்கும். சில வேளை அதற்கும் மேல் ஆகும். நம்முடைய உதவியோ முப்பது நாளில் மூச்சு வாங்கிவிடுகிறது!

பழைய ஆட்கள் என்ன செய்தார்கள்?

இந்தக் கஷ்டம் புதிதல்ல. எருசலேமில் இருந்த முதல் சபையிலேயே இந்தக் குறை வந்தது. தினசரிப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள். முணுமுணுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்களிடமே குறையா?" என்று கேட்கவில்லை. நல்ல பெயர் எடுத்த ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, "இது உங்கள் வேலை" என்று ஒப்படைத்தார்கள். ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர். அன்பு மட்டும் இருந்தால் போதாது, பொறுப்புக்கு ஆள் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் தென்பாண்டிச் சீமையைப் பார்ப்போம். சாத்தான்குளம் பக்கத்தில் முதலூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1799-இல் உண்டானது. கிறிஸ்தவர்கள் ஆனதற்காகச் சொந்த ஊரில் இருக்க முடியாமல் விரட்டப்பட்டவர்களுக்காக நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர். அதற்கு முன்னின்றவர் தாவீது சுந்தரானந்தம் என்ற நம் ஊர் மனிதர். அப்படி ஏற்பட்ட முதல் ஊர் என்பதால் முதலூர்! கஷ்டப்பட்டவர்களுக்கு ஜெபத்தோடு நிற்காமல் கூரையும் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ரேனியஸ் ஐயர் காலம். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியர் அவர். அவர் காலத்தில் "தரும சங்கம்" என்று ஒன்று ஏற்பட்டது. சபையார் கொடுத்த காசு அதில் சேர்ந்தது. துன்பப்பட்ட விசுவாசிகளுக்கு நிலமும் வீடும் வாங்க அந்தப் பணம் பயன்பட்டது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் யார்? ஜமீன்தார்கள் அல்ல. பனை ஏறிப் பிழைத்தவர்கள்.

சிவகாசிக்கே வருவோம். ராக்லண்ட் ஐயர் என்ற ஆங்கிலேயர் 1854-இல் வட திருநெல்வேலிக்கு வந்தார். அப்போது சிவகாசி அந்தச் சீமையில் சேர்ந்தது. கேம்பிரிட்ஜில் பெரிய படிப்புப் படித்தவர். இங்கே கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார். அவருக்குத் துணையாகத் தெற்கே இருந்த சபைகள் தங்கள் உபதேசிமாரை முறை வைத்து, தங்கள் செலவில் அனுப்பின. 1858 அக்டோபரில் ராக்லண்ட் ஐயர் சிவகாசியிலேயே இறந்தார். இந்த மண்ணிலேயே அடக்கம். இந்த வட்டாரத்துச் சபைகள் பிறந்ததே இன்னொரு ஊர்ச் சபை தன் பங்கைப் பிட்டுக் கொடுத்ததால்தான். இதை இங்குள்ளவர்கள் மறக்கக் கூடாது.

தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. எத்தனையோ பிள்ளைகள் அநாதையானார்கள். நாசரேத்தில் இருந்த மர்காசிஸ் ஐயர் கஞ்சி ஊற்றியதோடு நிற்கவில்லை. 1878-இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். பிள்ளைகள் தொழில் கற்றார்கள். சொந்தக் காலில் நின்றார்கள். கஞ்சி அன்றைக்குத் தீர்ந்துபோகும். கற்ற தொழில் தீராது.

ஒரு பிடி அரிசி

"அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம். அப்போது சீமையிலிருந்து பணம் வந்தது" என்று சிலர் சொல்லக்கூடும்.

அப்படியா? விருதுநகரில் போய்க் கேளுங்கள். அங்கே சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏற்பட்டது. எந்தச் சீமைப் பணமும் வரவில்லை. ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடியரிசி பள்ளிக்கூடத்தைத் தாங்கியது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பையன் ஒருவன் பிற்காலத்தில் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தான். அவர்தான் காமராஜர்! பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் மதிய உணவு கொடுத்தது உலகம் அறிந்தது. பிடியரிசியின் அருமை அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

விருதுநகர்ப் பிடியரிசி கிறிஸ்தவர்கள் ஏற்படுத்தியது அல்ல. ஊர் உறவின்முறை ஏற்படுத்தியது. ஆனால் அதே பழக்கம் தென் மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளிலும் இருந்தது. அடுப்படியில் ஒரு கலயம். மூன்று வேளையும் ஒரு கைப்பிடி. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பாட்டிமார் இருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்கள்.

இப்போது கலயத்தைக் காணோம். காஸ் அடுப்பு வந்தது, குக்கர் வந்தது, கலயம் போயிற்று. அதற்குப் பதிலாக என்ன வந்தது? கோயில் முகப்புக்கு வர்ண விளக்கு வந்தது. கன்வென்ஷன் மேடைக்கு ஆள் உயர ஒலிபெருக்கி வந்தது. நான் கோபுரத்துக்கும் விளக்குக்கும் விரோதி அல்ல. அழகாகத்தான் இருக்கிறது. அந்த வெளிச்சம் விழும் தெருவில் ஒரு வீட்டில் கரண்ட் பில் கட்டாமல் பியூஸ் பிடுங்கியிருக்கிறதே, அதுதான் கண்ணை உறுத்துகிறது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பூசணிக்காய், வாழைத்தார், சேவல் எல்லாம் ஏலம் போகும். ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டி போட்டு நூற்றுக்கணக்கில் ஏற்றிவிடுவார்கள். ஒரே சிரிப்பும் சந்தோஷமும்தான்! அந்த எலுமிச்சம்பழப் பணம் மட்டும், ஒவ்வொரு வருஷமும், முப்பத்தோராம் நாள் வீடுகளுக்கு என்று ஒதுக்கப்பட்டால் என்ன? பண்டிகை குறையாது. சிரிப்பும் குறையாது.

வெடிக்கும் முன்னால்

இன்னொன்றைச் சொல்லவேண்டும். விபத்துக்குப் பிறகு செய்யும் உதவியைவிட, விபத்துக்கு முன்னால் செய்யும் உதவி பெரிது.

மருந்து வேலைக்குக் கூலி சற்றுக் கூடுதல். ஆபத்தும் கூடுதல். கடன் கழுத்தை நெரிக்கும்போது மனிதன் ஆபத்தைப் பார்ப்பதில்லை. மழை பெய்தால் மருந்து காயாது, வேலை கிடையாது. தீபாவளி முடிந்தால் சில வாரம் வேலை கிடையாது. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டது. காற்று கெடாமல் இருக்க வேண்டியதுதான். ஆனால் அதைத் தொடர்ந்து பல ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. 2020-இல் கொரோனா ஊரடங்கு. அப்போதெல்லாம் இந்த வட்டாரத்து வீடுகளில் நகை போயிற்று, பிறகு பாத்திரம் போயிற்று, பிறகு வட்டிக்காரன் வந்தான்.

வட்டி கட்ட வழி இல்லாதபோதுதான், சட்டத்துக்கு விரோதமாக வீட்டிலேயே மருந்தை வைத்து வெடி சுற்றும் வேலைக்குச் சிலர் இறங்கிவிடுகிறார்கள். பக்கத்தில் அடுப்பு. மடியில் குழந்தை. நினைத்தாலே குலை நடுங்குகிறது.

அந்த நேரத்தில் சபையிலிருந்து ஒரு ஆள் வந்து, "இந்த மாதத் தவணையை நாங்கள் கட்டுகிறோம். அந்த மருந்தை மட்டும் வீட்டுக்குள் கொண்டு வராதே அம்மா" என்று சொன்னால்? இரண்டாயிரமோ மூவாயிரமோ ஆகலாம். ஒரு சவப்பெட்டிக்கு அதைவிடக் கூட ஆகும்.

ஆட்சேபணைகள்

"எங்கள் சபையே ஏழைச் சபை. நாங்கள் யாருக்கு உதவுவது?" என்று கேட்பார்கள். பனை ஏறியவர்கள் தரும சங்கத்துக்குக் கொடுத்ததை மேலே சொன்னேன். ஏழைக்கு ஏழை கொடுக்கும் ஒரு பிடிக்கு உள்ள மதிப்பு பணக்காரன் மூட்டைக்கு இல்லை. வாங்குகிறவளுக்கும் கூச்சம் குறைவு. நாளைக்கு அந்தக் கை நம் கையாகவும் இருக்கலாம் என்று இருவருக்கும் தெரியும்.

"கொடுத்துப் பழக்கினால் சோம்பேறி ஆவார்கள்" என்பது இன்னொரு பேச்சு. காலை முதல் மாலை வரை குனிந்து உட்கார்ந்து திரி சொருகும் பெண்ணைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்ல எந்த நாக்குக்குத் துணிச்சல் வரும்?

"நம் சபை ஆளுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" இது நியாயமான கேள்வி. தன் வீட்டாரைக் கவனிக்காதவன் ஊரைக் கவனிப்பேன் என்பது வீண் பேச்சு. ஆகவே தன் சபையில் தொடங்கவேண்டும். அதற்காகக் கதவைப் பூட்டிக்கொள்ளக் கூடாது. மருந்து அறையில் வேதக்காரனும் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவனும் தோளோடு தோள் நின்று வேலை செய்கிறார்கள். தீ சாதியும் கேட்பதில்லை, மதமும் கேட்பதில்லை. விபத்து அன்று சபையார் வந்து சேரும் முன்னால் அந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோறு ஊட்டியது பெரும்பாலும் பக்கத்து வீட்டு இந்துப் பெண்தான். அவள் வீட்டில் நாளை அடுப்பு எரியாவிட்டால் நம் பிடியரிசி அங்கேயும் போகட்டும்.

சத்தம் இல்லாமல்

உதவி செய்கிறவர்களில் சிலருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அரிசி மூட்டையை நடுவில் வைத்து, விதவையை ஒரு பக்கம் நிறுத்தி, தாங்கள் மறு பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது! பிறகு அது எல்லாருடைய செல்போனுக்கும் போகும். அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தோழர்களும் பார்ப்பார்கள். அந்த அரிசி எப்படி இறங்கும்?

கத்தோலிக்கக் கோயில்களில் வின்சென்ட் தே பவுல் சபை என்று ஒன்று உண்டு. 1833-இல் பாரிசில், பிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் சில தோழர்களோடு தொடங்கியது. அவர்களுடைய முறை எனக்குப் பிடிக்கும். இருவர் இருவராக ஏழைகள் வீட்டுக்கே போவார்கள். உட்கார்ந்து பேசுவார்கள். கூட்டம் முடிவில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. போட்டோ கிடையாது. மைக் கிடையாது. மற்றச் சபையார் இதைப் பார்த்துப் படித்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பணம் இல்லாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூட நடப்பது! விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கிறது. இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவை ஏற்பதாகவும் 2024 நவம்பரில் விருதுநகரில் அரசு அறிவித்தது. ஆனால் அறிவிப்புக்கும் கைக்கும் நடுவில் தாலுகா ஆபீஸ் இருக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, போலீஸ் காகிதம், வங்கிப் புத்தகம் என்று எத்தனையோ கேட்பார்கள். எழுத்து வாசனை குறைந்த பெண் அந்த வரிசையில் நின்று திகைத்துப் போகிறாள்.

ஒவ்வொரு சபையிலும் வாத்தியார்கள் இருக்கிறார்கள். ரிட்டயரான குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் திங்கட்கிழமை காலை அந்த அம்மாவோடு பஸ் ஏறி, மனு எழுதிக் கொடுத்து, காகிதம் கைக்கு வரும்வரை விடாமல் போய் வந்தால் போதும். அதைவிடப் பெரிய காணிக்கை எந்தத் தட்டிலும் விழுவதில்லை.

சபைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அதில் கஷ்டப்படும் வீடுகளை மட்டும் எழுதுங்கள். பொறுப்புக்கு இரண்டு பெண்களையும் ஒரு வயதானவரையும் வையுங்கள். மாதம் ஒரு முறை, பன்னிரண்டு மாதம், ஒரே தேதியில் போகச் சொல்லுங்கள். வரவு செலவைச் சபைக்குச் சொல்லுங்கள். வீட்டுப் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம்.

போகிறவர்கள் "என்ன வேண்டும்?" என்று கேட்டால் மானமுள்ள பெண் "ஒன்றும் வேண்டாம் அக்கா" என்றுதான் சொல்லுவாள். ஆகவே கேட்க வேண்டாம். உள்ளே போய் உட்காருங்கள். தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதையைக் கேளுங்கள். எழுந்திருக்கும்போது அரிசிப் பையை அடுப்படி ஓரத்தில் வைத்துவிட்டு வாருங்கள். தீக்காயக்காரர் இருக்கும் வீடானால் கூடவே ஒரு டஜன் முட்டை.